இரண்டு முறை கண் திறந்த சிங்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "ஜெயசீலி, அந்தச் சிங்கத்துக்குள்ள யாரு இருந்தது?" என்று என்னிடம் வந்து யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தச் சிங்கத்தைக் காலையிலும் மாலையிலும் என் பள்ளிக்கூட வேனில் ஏற்றி இறக்கினவள் நான்தான், அது படுத்து வந்த பின் சீட்டில் இன்றைக்கும் மஞ்சள் முடி கிடக்கிறது, கூட்டக் கூட்ட வருகிறது. ஆனாலும் உள்ளே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கோயில் தலைவருக்கும் தெரியாது, இரும்புக்கடை முதலாளி தாவ்கேக்கும் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவன் புளுகுகிறான்.

எங்கள் குடியிருப்பு, தாமான் செரி கெனாங்கா, மலேசியாவில் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்பு மலையின் அடியில் இருக்கிறது. ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சீனக் கோயில், ஒரு சூராவ் என்கிற சின்னப் பள்ளிவாசல், ஒரு கடை வரிசை, நடுவில் ஒரு பொதுமண்டபம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மண்டபத்தில் லிம் சிஃபு பிள்ளைகளுக்குக் குங்ஃபூ சொல்லிக் கொடுப்பாள். சிஃபு, அதாவது குரு, என்றதும் வெள்ளைத் தாடிக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம், இவள் முப்பது வயசுப் பெண், பகலில் பல் கிளினிக்கில் வேலை, பேசும்போது நம் பல்லையே பார்ப்பாள். அவள் வகுப்பில் பாதி நேரம் குங்ஃபூ, பாதி நேரம் சிங்க ஆட்டம். ஒரு பிள்ளை தலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஆட, இன்னொன்று குனிந்து முன்னவரின் இடுப்பைப் பிடித்தபடி வாலாகப் பின்னால் ஆடும், மேலே மஞ்சள் துணி மூடியிருக்கும்.

புஷ்பலீலா தன் மகன் சர்வினை அங்கே சேர்த்தது சிங்கம் ஆடவா என்ன? பேக்கரியில் காலையெல்லாம் மாவு பிசைகிறவள் அவள், புருஷன் சிங்கப்பூரில் வேலை, வீட்டில் அவளும் பையனும்தான். பையனுக்கு ஒன்பது வயது, சத்தம் போட்டுப் பேசக்கூடத் தெரியாது. பள்ளியில் ரோஷன் என்று ஒரு தடியன் தினமும் இவன் ரொட்டியைப் பிடுங்கித் தின்றுவிட்டு, போகிற போக்கில் தலையில் ஒரு குட்டும் வைத்துவிட்டுப் போவான். "திருப்பி அடிக்கத் தெரியணும் ஜெயசீலி, அது போதும் எனக்கு" என்றுதான் அவள் அவனைக் கையைப் பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள். சிஃபு அவனை ஏற இறங்கப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்து, சின் யீக்குப் பின்னால் வாலாக நிறுத்தினாள். சின் யீ கடை வரிசையில் சலூன் வைத்திருக்கும் ஃபூங்கின் மகள், பத்து வயது, ஒரு நிமிஷம் சும்மா நிற்காது அந்தப் பிள்ளை.

புதுச் சிங்கம் பெட்டியில் பஸ்ஸில் வந்தபோது போய் எடுத்து வந்ததும் என் வேன்தான். அன்றைக்குச் சாயங்காலம் புஷ்பலீலா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். சிங்கத்துக்குக் கண் இருந்தது, கண்ணுக்குள் கருமணி இல்லை, வெறும் வெள்ளை. "ஐயோ, கண்ணு தொறக்காத ஒண்ணுக்குள்ள எம்புள்ள போவானா!" என்று உள்ளே ஓடிக் குங்குமமும் கண்மையும் எடுத்து வந்து, சாமிக்குக் கண் திறப்பதுபோல இரண்டு கண்ணிலும் மை தீட்டி, நெற்றியில் பொட்டும் வைத்து, சூடம் காட்டி, பெட்டியை மூடிவிட்டாள். சீனர்களும் புதுச் சிங்கத்துக்கு முறைப்படி கண் திறப்பார்கள், அதற்காகத்தான் கண்ணை வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் இரும்புக்கடை சோங் தாவ்கே சிவப்பு மையும் தூரிகையுமாக மண்டபத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். "யாருலா இத முன்னயே தொறந்தது?" என்றார். புஷ்பலீலா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள். தாவ்கே கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார், வந்த வேலையை முடிக்காமல் போக அவருக்கும் மனசு வரவில்லை, கறுப்பின் மேலேயே சிவப்பு வைத்து மறுபடியும் திறந்துவிட்டுப் போனார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் பிடித்தபோதும் சர்வினுக்கு ஒரு குத்துகூடத் தெரியவில்லை. ரோஷன் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை புஷ்பலீலா மண்டபத்துக்குள் நுழைந்து, மகன் சிங்கத்துக்குள் குனிந்து நிற்பதையும் அவன் முழங்கால் நடுங்குவதையும் பார்த்துவிட்டு, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

"அடிக்கக் கத்துக்குடுங்கன்னு கொண்டாந்து விட்டா, அடுத்தவங்க பொண்ணு பின்னால குனிஞ்சு நிக்கக் கத்துக்குடுக்கிறீங்களா? இதுவா படிப்பு?"

"வாலுதான் கஷ்டம், அக்கா" என்றாள் சிஃபு. "அடிக்கிறத சீக்கிரம் சொல்லிக் குடுத்துடலாம்லா. தாங்குறதுக்குத்தான் நாளாகும்."

"தாங்குறதுக்கா? அதத்தான் எம்புள்ள பள்ளிக்கூடத்துல தெனம் செஞ்சிட்டு வரானே! அதுக்கு உங்க கிளாஸ் எதுக்கு? சர்வின், வெளிய வாடா! நாளையிலருந்து இங்க வர வேணாம்."

சிங்கம் திரும்பி அவளைப் பார்த்தது. கண்ணைச் சிமிட்டியது. வெளியே யாரும் வரவில்லை. புஷ்பலீலா விறுவிறுவென்று போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கினாள், தூக்க ஓரம் இல்லை. துணி இருந்த இடத்தில் தோல் இருந்தது, தோல் சூடாக இருந்தது, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. சின் யீயை அழைத்துப்போக வந்த ஃபூங்கும் தடவிப் பார்த்தாள், சிஃபுவும் தடவிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள், ஏனென்றால் அது தண்ணீர் குடிக்கிற நேரம்.

வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் பிரச்சினை. வேனிலிருந்து இறங்கிய சிங்கத்தின் முன்னங்கால்கள் சலூன் பக்கம் போக, பின்னங்கால்கள் புஷ்பலீலா வீட்டுப் பக்கம் போக, அது நடுரோட்டில் இழுபட்டு நிற்க, பின்னால் வந்த கார்க்காரன் எல்லாம் ஹார்ன் அடித்தான். "தலை எங்க போகுதோ அதான் வீடு" என்றாள் ஃபூங். "நடக்கிறது யாரோட காலு? அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள் புஷ்பலீலா. பக்கத்து வீட்டுச் சாலே வாத்தியார், ஓய்வு பெற்றவர், பூனைகளுக்கு மீன் வைத்துக்கொண்டிருந்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, இன்றைக்கு அங்கே, நாளைக்கு இங்கே என்று தீர்ப்புச் சொன்னார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்படித்தான் தாமானில் சிங்கம் குடியிருக்க ஆரம்பித்தது. ஒரு வாரம் தமிழ்ப்பள்ளி, ஒரு வாரம் சீனப்பள்ளி. கணக்கு கேட்டால் பின்னங்காலால் தட்டிப் பதில் சொல்லும், பாட்டு வகுப்பில் தலையை ஆட்டும், திடலில் ஓடவிட்டால் யாரும் கிட்டே நெருங்க முடியாது. கிளினிக் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "முன்னால ஒரு இருதயம், பின்னால ஒரு இருதயம், ரெண்டும் நல்லாருக்கு" என்று இருமல் மருந்து மட்டும் எழுதினார். கோயில் கமிட்டியில் அதை உள்ளே விடலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தலைவர் எழுந்து, "அம்மனுக்கு வாகனம் என்னய்யா? சிங்கந்தானே? வாகனத்த வெளிய நிறுத்துவீங்களா?" என்று கேட்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அதற்கு ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்தார்கள். சீனக் கோயில்காரர்கள் அது தங்களுடையது என்றார்கள், ஆரஞ்சு வைத்தார்கள். சந்தையில் காய்கறி விற்கிற அம்மா தினமும் ஒரு கட்டு சாலாட் இலை ஒதுக்கி வைத்தாள். சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பேசிய புஷ்பலீலாவின் புருஷன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லா வளந்துட்டான்" என்றான். அந்த ஆளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

ஊர் பழகிக்கொண்டது, புஷ்பலீலா பழகவில்லை. தன் முறை வருகிற நாட்களில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, மஞ்சள் சவர்க்காரம் போட்டு அந்தப் பின்னங்கால்களைக் கழுவிவிடுவாள். இடது குதிகாலில் சைக்கிள் சங்கிலி கிழித்த தழும்பு இருந்தது, அதைத் தடவித் தடவிப் பேசுவாள். "இன்னிக்கு என்னடா சாப்ட்ட? மழயில நனைஞ்சியா? அடிக்கத் தெரியலன்னா போவுது சாமி, நீ யாரையும் அடிக்க வேணாம், வெளிய மட்டும் வந்துடு." கால் கட்டைவிரல் அசையும், அவ்வளவுதான். அவள் அழ ஆரம்பித்தால் நான் வேனைத் துடைக்கப் போய்விடுவேன். தன் முறை வரும் நாட்களில் ஃபூங் சலூனில் கடைசி ஆள் போனதும் பெரிய சீப்பால் பிடரியைச் சீவி விடுவாள். அவளும் அழுதாள், ஆனால் அவள் அழும்போது திட்டிக்கொண்டே அழுவாள்.

ஒரு நாள் பள்ளி வாசலில் ரோஷன் வந்தான். நான் வேனைவிட்டு இறங்கிவிட்டேன், ஏதாவது செய்தால் காதைத் திருகிவிடலாம் என்று. அவன் சிங்கத்தின் முன்னால் நெடுநேரம் நின்றான், பிறகு பையிலிருந்து தன்னுடைய தேங்காய் ரொட்டியை எடுத்து அதன் வாயில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சீனப் பெருநாள் நெருங்கியபோது சிஃபுதான் இரண்டு அம்மாக்களையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லைதான், அதை மறைக்கவும் இல்லை. "ஒரு சிங்கம் ஆளுங்கள விட்டு எறங்கலன்னா இன்னொரு சிங்கம் போய்க் கூப்பிடும், ஆட்டத்துல அப்படி ஒரு வழக்கம் இருக்குலா. ஸ்டோர்ல பழைய சிங்கம் இருக்கு. உள்ள நீங்கதான் போகணும்."

"நாங்களா?" என்றாள் ஃபூங். "எனக்கு முட்டி வலி."

"நானா?" என்றாள் புஷ்பலீலா. "எங்க நிக்கணும்?"

"வாலு" என்றாள் சிஃபு.

அந்த வாரங்களில் புஷ்பலீலா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். குதிரை நிலை என்று தொடையை மடக்கி நிற்கவைத்தே சிஃபு அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள், என் வேனில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் ஏறுவாள். சிங்கம் மண்டபத்து ஓரத்தில் படுத்துக்கொண்டு இவர்கள் ஆடுவதைப் பார்க்கும், தாளம் தப்பினால் பின்னங்காலால் தரையைத் தட்டும். முதலில் இரண்டு பேரும் சண்டைதான், நீ என் கால மிதிச்ச, நீ சொல்லாம திரும்பின என்று. பிறகு சண்டை குறைந்தது. ஒரு நாள் வண்டியில் புஷ்பலீலா தானாகவே பேசினாள்.

"உள்ள ஒண்ணும் தெரியல ஜெயசீலி. இருட்டு, வேர்வை, கற்பூர வாசம். ஃபூங்கோட பெல்ட்டு மட்டுந்தான் கண்ணு முன்னால. ஆனா அவ குதிக்கப் போறதுக்கு முன்ன இடுப்பு கொஞ்சம் கீழ எறங்குது, அத கையாலயே தெரிஞ்சுக்கணும். அப்ப நான் மூச்ச இழுத்துப் புடிச்சு அவளத் தூக்கணும். கொஞ்சம் அசந்தா அவ மண்ட ஒடையும், அது தெரிஞ்சும் அவ என்ன நம்பிக் குதிக்கிறா. எம்புள்ள இதத்தான் செஞ்சிட்டிருந்தானா? இவ்வளவு பெரிய வேலையவா? நான் குனிஞ்சு நிக்கிறான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே!"

நான் வைப்பரைப் போட்டேன், மழை பெய்துகொண்டிருந்தது.

பெருநாள் முடிந்து இரும்புக்கடை திறக்கிற அன்றைக்கு, நல்ல வெயிலில், ஊரே கடை வரிசையில் கூடிவிட்டது. கடை வாசலுக்கு மேலே, சிங்கம் எம்பிக் கவ்வுவதற்காக, சாலாட் கட்டும் காசு வைத்த சிவப்பு அங்பாவ் உறையும் தொங்கின. சிஃபு மேளத்தை அடிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கமிருந்து எங்கள் சிங்கம் வந்தது, மறுபக்கமிருந்து பூச்சி அரித்த பழைய சிங்கம் வந்தது, ஒன்றையொன்று பார்த்தன, பயந்தன, மோப்பம் பிடித்தன, ஒன்று குனிந்தால் மற்றது குனிந்தது, ஒன்று உதறினால் மற்றது உதறியது, மேளம் ஏற ஏற எது முன்னால் ஆடுகிறது எது பார்த்து ஆடுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. அப்போது பழைய சிங்கத்தின் இடுப்பு கொஞ்சம் கீழே இறங்கியதைப் பார்த்தேன். முட்டி வலிக்காரி ஃபூங் அப்படியே காற்றில் எழும்பினாள், பேக்கரியில் மாவு பிசைந்த கை அவளைத் தூக்கிப் பிடித்தது, சிங்கம் நிமிர்ந்து நின்று சாலாட்டைக் கவ்வியது. கோயில் தலைவர் விசில் அடித்தார். அதே நேரம் தாவ்கேயின் ஆட்கள் பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள், புகை வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

புகை விலகியபோது எங்கள் சிங்கம் ரோட்டில் கிடந்தது. வெறும் துணி, மூங்கில், காகிதம், உள்ளே ஒருவரும் இல்லை. ஏசுவே, பிள்ளைகள் எங்கே என்று கத்திவிட்டேன். பார்த்தால் கடை நடைவழியிலிருந்து சர்வினும் சின் யீயும் ஓடி வருகிறார்கள், புதுச் சட்டை, கையில் பாதி உரித்த ஆரஞ்சு, இரண்டு பேரும் ஓவென்று அழுகிறார்கள். ஓடி வந்து பழைய சிங்கத்தின் துணியைப் பிடித்து இழுத்தார்கள்.

"வெளிய வாங்கம்மா! இப்பவாச்சும் வெளிய வாங்க!"

புஷ்பலீலா வேர்த்து வழிந்துகொண்டு வெளியே வந்து அவனை அள்ளிக்கொண்டாள். "எங்கடா போன, எவ்வளவு நாளுடா, எஞ்சாமி..."

"நான் எங்கயும் போவலியே" என்றான் சர்வின். அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நீங்கதான் உள்ள போனீங்க! அன்னிக்கு மண்டபத்துல திட்டிக்கிட்டே துணியத் தூக்கினீங்க, ஃபூங் ஆண்ட்டியும் பின்னால வந்தாங்க, அப்புறம் சிங்கம் மூடிக்கிச்சி. நாங்க எவ்வளவு கூப்பிட்டோம் தெரியுமா? தெனம் சாயங்காலம் உங்க கால மஞ்ச சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்."

"நான் மம்மிக்குத் தலை சீவிவிட்டேன்" என்றாள் சின் யீ.

"என்னடா உளறுற? அப்ப யாருடா உனக்குச் சோறு போட்டது?"

"வேன் ஆண்ட்டி வீட்லதான் சாப்ட்டோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிங்கத்துக்குத்தான் சோறு வடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் என் வீட்டில் அரிசி சீக்கிரம் தீர்ந்ததும், கழுவுகிற இடத்தில் இரண்டு சின்னத் தட்டு கிடந்ததும் என்னவோ உண்மை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஃபூங் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையன் குடுத்த தேங்கா ரொட்டி கொஞ்சம் காய்ஞ்சிருந்துச்சிலா" என்றாள். சொன்ன பிறகு அவளே திகைத்துப்போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தாமான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பிள்ளைகள்தான் உள்ளே இருந்தார்கள் என்று கோயில் பக்கம் சொல்வார்கள், அம்மாக்கள்தான் என்று சந்தைப் பக்கம் சொல்வார்கள், பேக்கரியில் அந்த மாதங்களில் மாவு பிசைந்தது யார் என்று கேட்டால் முதலாளி தலையைச் சொறிகிறார். தாவ்கே மட்டும் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே, "ரெண்டு வாட்டி தொறந்தோம்லா, ரெண்டு பக்கமும் முழிச்சிக்கிச்சி" என்கிறார். இதைவிட நல்ல விளக்கம் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை, அதனால் ஊர் இதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறது.

அன்றைக்கு அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். புஷ்பலீலாவும் சர்வினும் பின் சீட்டில், அந்த மஞ்சள் முடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தேன், அவள் இடது குதிகாலில் சைக்கிள் சங்கிலி கிழித்த தழும்பு. அது பையனுக்குத்தான் இருந்தது என்று எந்தச் சாமி முன்னாலும் நான் சத்தியம் செய்வேன். திரும்பி அவன் காலைப் பார்த்தேன். அவனுக்கும் இருந்தது.

"உள்ள பயமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டான் சர்வின்.

அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் தலையை, ரோஷன் குட்டுகிற அதே இடத்தில், மெல்லத் தடவினாள். "இருட்டுதாண்டா. ஆனா முன்னால ஒரு ஆளு இருந்துச்சு, அத நான் உட்டுடக் கூடாதுன்னு புடிச்சிக்கிட்டே இருந்தேன். அதுல பயப்பட நேரமே இல்ல."

"ஆமாம்மா" என்றான் அவன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன்.